ஏறாத பட்டியலும் அகப்படாத சொல்லும்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிழை நீக்கும் வழிமுறை

எக்செல் கோப்பில் இருக்கும் தமிழ் நூற்பட்டியல் ஒன்றைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ஏற்றி, அதில் சொல் தேடும் வசதியை அமைப்பவர் எதிர்கொள்ளும் தடங்கல்களை, அவை கண்ணில் படும் அடையாளத்தைக் கொண்டே இங்கு வரிசைப்படுத்தியிருக்கிறேன். தேடலில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை தேடலில் பிறப்பதில்லை என்பது என் அனுபவம். தரவை ஏற்றும்போது சத்தமில்லாமல் உள்ளே நுழைந்த எழுத்துக் கோளாறுதான் பல நாள் கழித்து, யாரோ ஒருவர் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காதபோது தலைகாட்டுகிறது. ஆகவே, ‘தரவு ஏறிவிட்டது, தேடல்தான் சரியில்லை’ என்று வருபவரும் முதற்பாதியைத் தாண்டிப் போக வேண்டாம். கட்டளைப் பெயர்களை ஒலிப்படியே எழுதுகிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோட்டையும் இட்டிருக்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, பிழைச் செய்தியின் வாசகத்தைவிட அதன் ஐந்து இடக் குறியீட்டைக் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தட்டும் பிஎஸ்கியூஎல் முனையத்தில் பின்சாய்கோட்டுடன் ‘எர்வெர்போஸ்’ என்று தட்டினால், கடைசியாக வந்த பிழை அதன் குறியீட்டோடு மீண்டும் காட்டப்படும். இரண்டாவது, பட்டியலை நேராக நிலையான அட்டவணையில் ஏற்றாதீர்கள். எல்லா நெடுவரிசைகளும் ‘டெக்ஸ்ட்’ வகையாக உள்ள ஓர் இடைத்தங்கல் அட்டவணையை உருவாக்கி, கோப்பை அதில் இறக்கி, எண்ணையும் தேதியையும் அங்கே சோதித்த பிறகு ‘இன்சர்ட் – செலக்ட்’ மூலம் உரிய அட்டவணைக்கு மாற்றுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் கீழே சொல்லப்போகும் தடங்கல்களில் பாதி, பிழையாக வந்து வேலையை நிறுத்தாமல், சாவகாசமாகத் திருத்தக்கூடிய பதிவுகளாகிவிடும்.

அடையாளம்: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ அல்லது ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது

கோப்பை அட்டவணையில் ஏற்றும் ‘காப்பி’ கட்டளை அதை உங்கள் கணினியில் தேடுவதில்லை. சர்வர் ஓடும் கணினியில், சர்வரின் பயனர் உரிமையோடு தேடுகிறது. அதற்குத் தலைமைப் பயனராகவோ, 11ஆம் பதிப்பு முதல் ‘பிஜி_ரீட்_சர்வர்_ஃபைல்ஸ்’ என்ற பொறுப்பு பெற்றவராகவோ இருக்க வேண்டும். கோப்பு உங்களிடம் இருந்தால், முன்னே பின்சாய்கோடு இட்ட ‘காப்பி’யைப் பயன்படுத்துங்கள், அது பிஎஸ்கியூஎல்-இன் சொந்தக் கட்டளை, கோப்பை உங்கள் பக்கமிருந்து படித்து அனுப்பும். அதை முழுவதும் ஒரே வரியில் எழுத வேண்டும். அழகுக்காக இரண்டு வரியாக உடைத்தால் தொடரியல் பிழை வரும்.

அடையாளம்: குறியீடு 22021 அல்லது 22பி05, அதாவது பைட் வரிசை செல்லாது என்ற செய்தி

இது வந்தால் எரிச்சலடையாமல் மகிழலாம் என்பேன், ஏனென்றால் குப்பை உள்ளே போகாமல் வாசலிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. எந்த பைட்டில் தடுக்கியது என்று செய்தியிலேயே இருக்கும்; அதுதான் துப்பு.

முதல் வரியிலேயே 255 என்ற மதிப்புள்ள பைட், அதாவது பதினாறடிமானத்தில் ‘எஃப்எஃப்’, செல்லாது என்று வந்தால், எக்செல்லில் ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ என்று சேமித்திருக்கிறீர்கள். அது யுடிஎஃப்-16 கோப்பு, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று. போஸ்ட்கிரெஸ் அதை எந்த அமைப்பிலும் நேராக ஏற்காது. ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) என்ற தெரிவில் மீண்டும் சேமியுங்கள், அல்லது ‘ஐகான்வ்’ நிரலால் மாற்றுங்கள்.

141 என்ற பைட், பதினாறடிமானத்தில் ‘8டி’, விண்டோஸ் 1252 குறியாக்கத்தில் இல்லை என்று வந்தால், கோப்பு சரி, இணைப்பின் அமைப்பு தவறு. விண்டோஸ் கணினியில் பிஎஸ்கியூஎல் பெரும்பாலும் 1252-ஐத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கொடுத்ததோ யுடிஎஃப்-8. இதில் ரசிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. நம் மெய்யெழுத்தின் மேற்புள்ளி யுடிஎஃப்-8-இல் 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 1252 குறியாக்கத்தில் 141-க்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரிகூட ஓடாது என்பதால், தவறான அமைப்பு முதல் சில பதிவுகளுக்குள்ளேயே பிடிபட்டுவிடுகிறது. ‘காப்பி’ கட்டளையிலேயே ‘என்கோடிங்’ என்ற தெரிவில் யுடிஎஃப்8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சொல்லாவிட்டால் இணைப்பின் குறியாக்கமே கோப்பின் குறியாக்கம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

அடையாளம்: பிழை எதுவும் வரவில்லை, ஆனால் அட்டவணையில் இருப்பது தமிழாக இல்லை

இதுதான் கெட்ட வகை. மூன்று விதமாகத் தெரியும், மூன்றுக்கும் மருந்து வேறு.

எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால், எக்செல்லில் சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது. தரவுத்தளத்தில் செய்ய எதுவுமில்லை; மூல எக்செல் கோப்பைத் தேடிப் பிடியுங்கள்.

மேலே கொம்பும் கூரையும் முளைத்த ரோமன் எழுத்துகள் மூன்று மூன்றாக வந்தால், யுடிஎஃப்-8 கோப்பு லத்தீன்-1 என்று சொல்லி ஏற்றப்பட்டிருக்கிறது. லத்தீன்-1 எந்த பைட்டையும் மறுக்காது; 141 வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தாக வாங்கிக்கொள்ளும். ஆனால் எந்த பைட்டும் தொலையவில்லை. ‘கன்வெர்ட்_டு’ சார்பால் அந்த நெடுவரிசையை லத்தீன்1 பைட்டுகளாகத் திருப்பி, அதன்மேல் ‘கன்வெர்ட்_ஃப்ரம்’ சார்பை யுடிஎஃப்8 என்ற பெயரோடு செலுத்தினால் தமிழ் மீண்டுவிடும். ‘அப்டேட்’ செய்யுமுன் ‘செலக்ட்’டில் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக ஏறிய பதிவுகளும் கலந்திருந்தால் இந்தச் சார்பு அவற்றில் பிழை காட்டி நின்றுவிடும்.

மூன்றாவது, யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆகியவற்றில் தட்டிய பட்டியல்கள் பழைய நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன. டிஸ்கியில் எகர, ஒகரக் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படுகிறது, யூனிகோடில் மெய்க்குப் பின்னால். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். லினக்ஸின் ‘ஐகான்வ்’ நிரலுக்கு டிஸ்கியைப் பெயரிலேயே தெரியும். பாமினியைத் தெரியாது, ஏனென்றால் அது குறியாக்கமே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் நம் மேற்புள்ளி! இதை அறியாமல், நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளியையே தேர்ந்தெடுத்த ஒரு பட்டியல் என்னிடம் வந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்திலும் தலைப்பு உடைந்து, ஐந்து நெடுவரிசைப் பட்டியல் இருபதாகப் பெருகியிருந்தது. பாமினிக் கோப்பை எழுத்துரு மாற்றியால் முதலில் யூனிகோடாக்கிவிட்டுத்தான் தரவுத்தளத்தின் பக்கம் வர வேண்டும்.

அடையாளம்: குறியீடு 22பி04, நெடுவரிசை மிகுகிறது அல்லது குறைகிறது

‘எக்ஸ்ட்ரா டேட்டா’ என்று வந்தால், மேற்கோள் குறிக்குள் அடைக்கப்படாத காற்புள்ளியே பெரும்பாலும் காரணம். ‘இயல், இசை, நாடகம்’ என்ற தலைப்பு மூன்று நெடுவரிசையாகிவிடும். ‘மிஸ்ஸிங் டேட்டா’ என்று வந்தால் பிரிகுறியே வேறாக இருக்கலாம்; கோப்பை வெறும் உரைத் திருத்தியில் திறந்து முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். எக்செல்லில் திறந்து பார்ப்பது பயனற்றது, அது உங்களுக்கு அழகான கட்டங்களைத்தான் காட்டும்.

மேற்கோள் மூடப்படவில்லை என்ற செய்தி வந்தால் சற்றுப் பொறுமை வேண்டும். நூலின் அளவு நெடுவரிசையில் ‘எட்டரை அங்குலம்’ என்பதை எண்ணும் இரட்டை மேற்கோளுமாகத் தட்டியிருப்பார்கள். அந்த ஒற்றைக் குறி அங்கிருந்து கோப்பின் இறுதிவரை எல்லாவற்றையும் ஒரே மதிப்பாக விழுங்கிவிடும். செய்தி காட்டும் வரி எண் கோப்பின் கடைசியில் இருக்கும், தவறு நடந்த இடமோ எங்கோ நடுவில். எந்த வரியில் இரட்டை மேற்கோள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கிறது என்று தேடுங்கள். கோப்பு முழுவதும் மேற்கோள் தாறுமாறாக இருந்தால், தாவல் குறியைப் பிரிகுறியாகக் கொண்டு, கோப்பில் எங்குமே வராத ஓர் எழுத்தை மேற்கோள் குறியாக ‘கோட்’ தெரிவில் அறிவித்துவிடுவது எளிய தப்பிக்கும் வழி.

வரி முடிவு பற்றிய புகார் வந்தால், விண்டோஸ் முறை வரி முடிவும் யுனிக்ஸ் முறையும் ஒரே கோப்பில் கலந்திருக்கின்றன. இரண்டு பேர் தயாரித்த கோப்புகளை ஒட்டியவர்களுக்கு இது நேரும். ‘டாஸ்2யுனிக்ஸ்’ நிரலில் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

அடையாளம்: குறியீடு 22பி02 அல்லது 22008, எண்ணும் தேதியும் ஏறவில்லை

கண்ணுக்கு 101 என்று தெரியும் மதிப்பையே ‘எண் அல்ல’ என்று மறுக்கிறது, அதுவும் முதல் பதிவில் மட்டும் என்றால், கோப்பின் தொடக்கத்தில் எக்செல் இட்ட, கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறியாக்க அடையாளக் குறி அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பு வரி இருந்து ‘ஹெடர்’ தெரிவும் கொடுத்திருந்தால், அந்த வரியோடு சேர்ந்து குறியும் கழிந்துவிடும் என்பதால் பலர் இதைச் சந்திப்பதே இல்லை. 15ஆம் பதிப்பில் வந்த ‘ஹெடர் மேட்ச்’ தெரிவைக் கொடுப்பவர்களுக்கு மட்டும், முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தவில்லை என்று வந்து நிற்கும்.

வெற்று மதிப்பு எண்ணாக முடியாது என்று வந்தால், கோப்பில் வெற்றிடம் மேற்கோளுக்குள் இருக்கிறது. சிஎஸ்வி முறையில் மேற்கோள் இல்லாத வெற்றிடம் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. மேற்கோளுக்குள் இருக்கும் வெற்றிடம் நீளமில்லாத உரை. ‘ஃபோர்ஸ்_நல்’ தெரிவு இதற்கென்றே உள்ளது.

ஐஎஸ்பிஎன் நெடுவரிசையில் 9.78819 என்று தொடங்கி, ஆங்கில எழுத்து ஒன்றும் கூட்டல் குறியும் 12-உம் சேர்ந்த வடிவம் இருந்தால், எக்செல் பதின்மூன்று இலக்க எண்ணைச் சுருக்கிக் காட்டியதை அப்படியே சேமித்துவிட்டது. மீதி இலக்கங்கள் சிஎஸ்வி கோப்பில் இல்லை. மூலக் கோப்பில் அந்த நெடுவரிசையை உரை வடிவுக்கோ, புள்ளிக்குப் பின் இலக்கமில்லாத எண் வடிவுக்கோ மாற்றி மீண்டும் சேமியுங்கள்.

தேதியில், 25/12/2023 என்பதை ஏற்க முடியாது என்று 22008 வந்தால், சர்வரின் ‘டேட்ஸ்டைல்’ மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. தடுக்கி விழுந்த அந்தப் பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம். தடுக்காமல் உள்ளே போன 05/04/2023-தான் ஆபத்து, ஏனென்றால் ஏப்ரல் ஐந்து சத்தமின்றி மே நான்காகிவிட்டிருக்கும். இடைத்தங்கல் அட்டவணையிலிருந்து மாற்றும்போது ‘டு_டேட்’ சார்பில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தெந்தப் பதிவு மாறாது என்று முன்கூட்டியே அறிய, 16ஆம் பதிப்பு முதல் ‘பிஜி_இன்புட்_இஸ்_வேலிட்’ என்ற சார்பு இருக்கிறது.

17ஆம் பதிப்பில் வந்த ‘ஆன்_எர்ரர் இக்னோர்’ தெரிவைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அது வகை மாற்றப் பிழைகளை மட்டுமே தாண்டிச் செல்லும். நெடுவரிசை மிகுந்தாலோ, தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ பழையபடி முழுக் கட்டளையும் தோற்கும். தாண்டிய வரிகளை எங்கும் சேமித்தும் தராது. நூற்பட்டியலில் ஒரு பதிவு காணாமற்போவது ஒரு நூல் காணாமற்போவதற்குச் சமம் என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

அடையாளம்: குறியீடு 22001, மதிப்பு நீளம் மிகுந்தது

‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. போஸ்ட்கிரெஸின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பைட் கணக்கில் பதினைந்து. ‘வார்சார்’ வகையின் வரம்பு இரண்டாவது கணக்கைப் பின்பற்றுகிறது. ஆங்கிலத் தலைப்புகளுக்காக யாரோ இட்ட 50 என்ற வரம்பு தமிழுக்குப் போதாது. ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள்.

அடையாளம்: பட்டியல் நன்றாக ஏறியது, ஆனால் புதிய நூலைச் சேர்த்தால் 23505

பழைய வரிசை எண்களைக் கோப்பிலிருந்தே கொண்டுவந்தீர்கள். தானாக எண் தரும் ‘சீக்வன்ஸ்’ அதை அறியாது, இன்னும் 1-இல் நிற்கிறது. ‘பிஜி_கெட்_சீரியல்_சீக்வன்ஸ்’ மூலம் அதன் பெயரைப் பெற்று, அட்டவணையின் உச்ச எண்ணை ‘செட்வால்’ மூலம் கொடுத்துவிட்டால் முடிந்தது.

அடையாளம்: சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வருவதில்லை

இனித் தேடல். சோழர் வரலாற்று நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கும் ஒரு நூலகத்தில், ‘சோழர்’ என்று தேடினால் அலமாரியில் பாதிதான் வருகிறது என்று அழைத்தார்கள். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டியிருந்தார்கள், சர்வரை நிறுத்தி எழுப்பியிருந்தார்கள். கிடைத்த பதிவொன்றையும் கிடைக்காத பதிவொன்றையும் எடுத்து, அந்த ஒரு சொல்லுக்கு ‘லெங்த்’ பார்த்தேன். ஒன்றில் 5, மற்றதில் 6.

சொல்லை ‘ரெஜெக்ஸ்பி_ஸ்ப்ளிட்_டு_டேபிள்’ சார்பால் எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘ஆஸ்கி’ சார்பைக் கேட்டால் யூனிகோட் எண் கிடைக்கும். முதற்பதிவில் 2970, 3019, 2996, 2992, 3021. மற்றதில் 2970, 3015, 3006, 2996, 2992, 3021. அதாவது ஓகாரம் ஒன்றில் 3019 என்ற ஒரே குறி. மற்றதில் ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒகரமும் ஔகாரமும்கூட இப்படி இரண்டு விதமாக எழுதப்படலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பாதிப் பட்டியலும், நேராக யூனிகோடில் தட்டிய பாதியும் கலந்ததன் விளைவு அது.

இவை இரண்டும் சமமானவை என்று யூனிகோட் தரமே வரையறுக்கிறது. ஆகவே மருந்தும் ஆயத்தமாக இருக்கிறது. 13ஆம் பதிப்பு முதல் ‘நார்மலைஸ்’ என்ற சார்பு, ‘என்எஃப்சி’ என்ற வடிவத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். ஏற்றும்போதே ஒருமுறை செய்யுங்கள். பயனர் தட்டும் தேடுசொல்லையும் அதே சார்பில் செலுத்துங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

ஆனால் ‘நார்மலைஸ்’ தீர்க்காத போலிகளும் உண்டு. ‘கௌதமன்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டப்பட்டிருந்தால், யூனிகோடின் பார்வையில் அது வேறு சொல். சரி, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்று ஒரு வரியில் ‘ரிப்ளேஸ்’ எழுதினால், ‘வெள்ளி’யும் ‘வெளியீடு’ம் சிதைந்துபோகும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்துத் திருத்துவதே நான் கண்ட வழி. ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவதும் இதே வகை. ‘ஸ்ரீ’ மற்றொரு கண்ணி: 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் 2998 என்ற எண்ணுடன் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பிறகு, அதைக் கொண்டும் பழைய 3000 ‘ஸ’வைக் கொண்டும் ‘ஸ்ரீ’ எழுதலாம். பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. இதில் தயங்காமல் ஒன்றை மற்றதாக மாற்றிவிடலாம். ரகரத்துக்குப் பதில் துணைக்காலும், ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ‘௧’வும் வந்திருப்பதையும் நகலெடுத்த பக்கங்களிலிருந்து வந்த பட்டியல்களில் காணலாம்.

எண்களில் 8203, 8204, 65279 ஆகியவை தட்டுப்பட்டால் அவை அகலமில்லாத எழுத்துகள்; 160 என்பது உடையா இடைவெளி. இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டியதோடு வந்தவை இவை. முதல் மூன்றையும் நீக்கி, 160-ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்.

அடையாளம்: ‘தமிழ்’ கிடைக்கிறது, ‘தமிழில்’ கிடைப்பதில்லை

முதலில் எந்த அமைப்பில் தேடுகிறீர்கள் என்று பாருங்கள். உரையைத் தேடுசொற்களாகப் பிரிக்கும் ‘டு_டிஎஸ்வெக்டர்’ சார்புக்கு உரையை மட்டும் கொடுத்தால், ‘டிஃபால்ட்_டெக்ஸ்ட்_சர்ச்_கான்ஃபிக்’ என்ற அமைப்பில் இருக்கும் மொழியை அது எடுத்துக்கொள்ளும்; பெரும்பாலான சர்வர்களில் அது ஆங்கிலம். ஆங்கில அமைப்பு தமிழ்ச் சொல்லை மறுக்காது. வேற்றுமை உருபை அறியாமல் வந்தபடியே வைத்துக்கொள்ளும். 2019-இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் ‘தமிழ்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு, சொல்லைத் தண்டாகச் சுருக்கும் ஸ்னோபால் ஸ்டெம்மருடன் கிடைக்கிறது. சேமிக்கும் பக்கமும் தேடும் பக்கமும் அதன் பெயரை வெளிப்படையாகக் கொடுங்கள். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் என்றிருந்தால் இரண்டும் சந்திக்கவே மாட்டா.

இந்த ஸ்டெம்மர் அகராதி பார்ப்பதில்லை, விதிப்படி விகுதியை வெட்டுகிறது. ஆகவே எல்லாச் சொல்லும் சரியாக வரும் என்று நம்பாமல், உங்கள் பட்டியலில் அடிக்கடி வரும் சொற்களை ‘டிஎஸ்_லெக்சைஸ்’ சார்பில் ‘தமிழ்_ஸ்டெம்’ என்ற பெயரோடு ஒவ்வொன்றாகக் கொடுத்து, ‘நூல்’, ‘நூல்கள்’, ‘நூல்களில்’ மூன்றும் ஒரே தண்டுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டு சங்கதிகள் கவனத்தில் இருக்கட்டும். தமிழுக்கு விலக்குச் சொற்பட்டியல் எதுவும் உடன் வருவதில்லை. ‘ஒரு’, ‘இந்த’ எல்லாம் இண்டெக்ஸில் ஏறும். மேலும், தமிழ் அமைப்பில் ஆங்கிலச் சொல்லும் தமிழ் ஸ்டெம்மருக்கே போகிறது. இருமொழித் தலைப்புகள் இருந்தால், அமைப்பை நகலெடுத்து, ஆங்கிலச் சொல் வகைகளை ஆங்கில ஸ்டெம்மருக்குத் திருப்பிவிடுங்கள்.

ஸ்டெம்மர் கைவிடும் இடத்தில் முன்னொட்டுத் தேடல் உதவும், ஆனால் அங்கும் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. விகுதியை வெட்டாத ‘சிம்பிள்’ அமைப்பில் ‘தமிழ்’ என்று எழுதி முக்காற்புள்ளியும் உடுக்குறியும் சேர்த்தால் ‘தமிழில்’ வராது, ‘தமிழர்’ வராது. சொல்லின் கடைசியில் புள்ளி இருக்கிறது. ‘தமிழில்’ என்பதில் அந்த இடத்தில் இருப்பது இகரக் குறி. புள்ளியை நீக்கி ‘தமிழ’ என்று கொடுத்தால் தமிழ், தமிழர், தமிழில், தமிழகம் எல்லாம் வந்துவிடும். உகரத்தில் முடியும் ‘படிப்பு’ போன்ற சொற்களிலும் கடைசி உகரக் குறியை நீக்கிவிட்டால் ‘படிப்பின்’, ‘படிப்பை’ கிடைக்கும். பயனரின் சொல்லில் கடைசிக் குறி புள்ளியோ உகரமோ ஆனால் வெட்டிவிடும்படி ஒரு சிறு சார்பு எழுதி வைத்திருக்கிறேன். நன்னூல் படித்தவர்களுக்குப் புணர்ச்சி விதி நினைவுக்கு வரும், எனக்கும் அங்கிருந்துதான் தோன்றியது.

அடையாளம்: சில நூல்கள் மட்டும் எந்தத் தேடலிலும் வருவதில்லை

தலைப்பையும் ஆசிரியரையும் பொருட்குறிப்பையும் இரட்டைக் குத்துக்கோட்டால் ஒட்டித் தேடல் நெடுவரிசை செய்திருப்பீர்கள். மூன்றில் ஒன்று ‘நல்’ ஆனாலும் ஒட்டிய முழுதும் ‘நல்’ ஆகிவிடும். ஆசிரியர் பெயரில்லாத நூல் தேடலுக்கே இல்லாத நூலாகிறது. ஒவ்வொன்றையும் ‘கோஅலெஸ்’ சார்பில் பொதியுங்கள். ‘கான்கேட்_டபிள்யூஎஸ்’ எழுதினால் சுருக்கமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அது மாறாத் தன்மை (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) அறிவிக்கப்பட்ட சார்பு அல்ல என்பதால், தானாக உருவாகும் நெடுவரிசையில் 42பி17 என்ற பிழையோடு மறுக்கப்படும். மொழிப்பெயர் கொடுக்காத ‘டு_டிஎஸ்வெக்டர்’ இண்டெக்ஸில் மறுக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

அடையாளம்: இரண்டு சொல் தட்டினால் 42601

‘டு_டிஎஸ்க்வெரி’ சார்பு சொற்களுக்கிடையே ‘மற்றும்’, ‘அல்லது’ குறிகளை எதிர்பார்க்கிறது. வெறும் இடைவெளியைத் தொடரியல் பிழை என்கிறது. பயனர் தட்டியதை அதற்கு நேராகக் கொடுக்காதீர்கள். 11ஆம் பதிப்பு முதல் உள்ள ‘வெப்சர்ச்_டு_டிஎஸ்க்வெரி’ எதைக் கொடுத்தாலும் பிழை எழுப்பாது. மேற்கோளுக்குள் தட்டிய தொடரையும், கழித்தல் குறியால் விலக்கிய சொல்லையும் புரிந்துகொள்ளும். முன்னொட்டுத் தேடல் மட்டும் அதில் இல்லை.

அடையாளம்: விடை சரி, வேகம் இல்லை

‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டுப் பாருங்கள். முழு அட்டவணையையும் வரிசையாகப் படிப்பதாகத் தெரிந்தால், வினவலில் உள்ள சார்புக் கோவை, இண்டெக்ஸில் உள்ளதோடு மொழிப்பெயர் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அட்டவணை சிறியதானால் வரிசையாகப் படிப்பதே மலிவு, அதைக் குறையாகக் கருத வேண்டாம். இருபுறமும் விழுக்காட்டுக் குறி இட்ட ‘லைக்’ வினவலுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. சொல்லை மும்மூன்று எழுத்தாகத் துண்டாக்கி இண்டெக்ஸ் செய்யும் ‘பிஜி_டிஆர்ஜிஎம்’ நீட்சி வேண்டும். எது எழுத்து என்று தீர்மானிக்கும், தரவுத்தளத்தின் ‘எல்சி_சிடைப்’ அமைப்பு ‘சி’ என்றிருந்தால் அந்த நீட்சி தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே கொள்ளாது. ‘ஷோ_டிஆர்ஜிஎம்’ வெற்றாகத் திரும்பினால் காரணம் அதுதான்.

பெரிய அளவில் ஏற்றிய உடனே மட்டும் தேடல் மந்தமாக இருந்தால், சொல் தேடலுக்குப் பயன்படும் ‘ஜின்’ வகை இண்டெக்ஸ் புதிய பதிவுகளை ஒரு காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதன் இயல்பு வரம்பு 4 எம்பி. ஒவ்வொரு தேடலும் அந்தப் பட்டியலையும் முழுதாகப் புரட்டுகிறது. ஒருமுறை ‘வேக்யூம் அனலைஸ்’ ஓட்டினால் பட்டியலும் கரையும், திட்டமிடுவதற்கான கணக்கும் புதுப்பிக்கப்படும். அதன் பிறகும் மந்தமென்றால், விடையில் சொல்லைத் தடித்துக் காட்ட ‘டிஎஸ்_ஹெட்லைன்’ வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இண்டெக்ஸைத் தொடாது, ஒவ்வொரு பதிவின் மூல உரையையும் திரும்பப் படிக்கும். முதல் இருபது விடைகளை உள்வினவலில் வரம்பிட்டுப் பெற்று, அந்த இருபதுக்கு மட்டும் வெளியே அதைச் செலுத்துங்கள்.